பழச்சாற்றில் ஏடு கட்டுவது எப்படி?

ஆனி பிறந்துவிட்டால் சித்தூர், திருப்பதி சாலைகளில் தோத்தாபுரி மாம்பழ லாரிகள் கூழ் ஆலைகளை நோக்கி வரிசைகட்டும். அந்தக் கூழில் தண்ணீர் கலந்து, பானையில் திறந்தபடி விட்டுவிட்டால் என்ன ஆகும்? முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். சில நாள் கழித்துப் புளித்த வாடை எழும். பானையின் உள்விளிம்பைப் பற்றிக்கொண்டு, வழுவழுவென்று வெளிறிய ஏடு ஒன்று படரும். கரண்டியால் தூக்கினால் பிய்ந்துவிடாமல் தொங்கும். சாராயத்தை வினிகராக்கும் பாக்டீரியாக்கள் கட்டிய ஏடு அது.

பாலில் ஏடு கட்டுவதைப் பாருங்கள். சூட்டில் மேற்பரப்பு நீர் ஆவியாக, அங்கே புரதங்கள் நெருங்கி ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. கொழுப்புத் துளிகள் அதில் சிக்குகின்றன. பழச்சாற்றிலும் இப்படி ஒரு வலைதான். ஆனால் அதைப் பின்னுவது உயிர்.

ஏன் மேற்பரப்பில்? சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்க ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது 8 மில்லிகிராம் அளவுதான். தீனி கீழே, காற்று மேலே. இரண்டும் கிடைக்கும் இடம் மேற்பரப்பு மட்டுமே.

வலை எதனால் ஆனது? ஒவ்வொரு செல்லும் செல்லுலோஸ் இழையை வெளியே தள்ளுகிறது. பருத்தியில் இருக்கும் அதே பொருள். இந்த ஏடு செல்லுலோஸ்தான் என்று 1886இல் ஏட்ரியன் பிரவுன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் காட்டினார். இழைகளில் சிக்கும் கரியமில வாயுக் குமிழிகள் அதை மிதக்கவைக்க உதவுகின்றன. காற்றுப்படும் பக்கத்தில் புது அடுக்கு வளர வளர, பழையது கீழே தள்ளப்படுகிறது.

ஏடு கட்டும் எல்லா பாக்டீரியாவும் செல்லுலோஸை நம்புவதில்லை. மண்ணில் வாழும் பாசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவுக்கு வேறு வழி. அது ஆக்சிஜனை நாடி நீந்தி மேலே வரும். சர்க்கரைப் பசையாலும் புரத இழைகளாலும் ஏடு கட்டும். மேலே நீர் ஒட்டாத புரதப் பூச்சும் உண்டு. தாமரை இலையில்போல் நீர்த்துளி அதில் உருண்டு நிற்கும்.

ஆறிய பாலில் ஏட்டை எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. பழச்சாற்றிலோ ஏட்டை வழித்தெடுத்தாலும், மிஞ்சிய செல்கள் மறுபடி கட்டும். அதனால்தான் ஆலைகளில் கூழைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்று, காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். வீட்டிலும் சாற்றைக் காய்ச்சி ஆறவைத்து, வெந்நீரில் கழுவிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஏட்டுக்கும் இடம் குறையும்.