வடிகிற 4 லிட்டர்

பழைய அம்பாசடருக்கு வீட்டு வாசலிலேயே என்ஜின் ஆயில் மாற்றிக்கொள்ளலாமா என்றால், தாராளமாக மாற்றலாம். எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. வாரண்டி போய்விடும் என்ற பயத்துக்கும் இடமில்லை. அந்த வண்டியைச் செய்த உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றதே 2014 மே மாதத்தில். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் முடக்கியதற்காக 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. அந்தப் பட்டியலில் அம்பாசடரைச் செய்த கம்பெனியும் உண்டு. 50 வயது தாண்டிய, அசல் வடிவம் கெடாத வண்டிகளுக்காக 2021இல் வந்த மத்திய விதிகள், ‘வி.ஏ.’ எண் பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது என்கின்றன. ஆனால் பராமரிப்புக்காக எடுத்துச்செல்ல அனுமதிக்கின்றன. ஆக, உரிமையில் சிக்கல் இல்லை. மெக்கானிக் ஷெட்டில் விட்டால் அவர்கள் தலையில் இருக்கும் மூன்று பொறுப்புகள், வீட்டில் செய்தால் நம் தலைக்கு வருகின்றன: அடிபடாமல் வேலை செய்வது, சரியான ஆயிலை ஊற்றுவது, வடித்த ஆயிலை ஒப்படைப்பது. முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றிப் பேசுபவர் குறைவு. ஆனால் வடித்த ஆயில் எங்கே போகிறதோ, அதைப் பொறுத்தே நாளை நாம் கடையில் வாங்கும் ஆயிலின் தரமும் இருக்கிறது.

முதலில் உடம்பு. ஆயில் மாற்றுவது சுலபம். வண்டிக்கு அடியில் போவதுதான் ஆபத்து. ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல் எடை. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுத்துப் படுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரேயடியாக நொறுங்கும். சமதளமான தரை, தரமான இரும்பு ஸ்டாண்டு இரண்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, இவை இல்லாவிட்டால் வேலையைத் தள்ளிப்போடலாம். என்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சுடச்சுட வடித்தால் கைதான் வேகும். வடிகால் போல்ட்டின் கடைசி மரையில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். போல்ட்டை மேல்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, மரை விட்டதும் சட்டென்று கையை இழுக்க வேண்டும். தாமதித்தால் கறுப்பு ஆயில் மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை போய்விடும். அந்தக் கறுப்பில், எரிபொருள் எரிந்து சேர்ந்த, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஹைட்ரோகார்பன்கள் கலந்திருக்கின்றன. என்றோ ஒருநாள் பட்டால் ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் பட்டால் தோலுக்கு ஆபத்து. கையுறை போட்டுக்கொண்டு, ஆயில் துடைத்த துணியைச் சட்டைப் பையில் செருகாமல் இருந்தாலே பாதி பாதுகாப்பு. கிண்ணத்துக்குள் ஃபில்டர் வைத்த பழைய என்ஜின்களில் இன்னொரு பொறி: பழைய ரப்பர் வளையம் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிளறி எடுக்காமல் புதியதை மேலே வைத்து முடுக்கினால், ஸ்டார்ட் செய்த சில நிமிடத்தில் புது ஆயில் தரையில் கிடக்கும்.

எந்த ஆயில் என்பதில் இரண்டு கட்சிகள். விலை உயர்ந்த, மிகப் புதிய சிந்தெட்டிக்தான் நல்லது என்பது ஒன்று. அந்தக் காலத்து ஆயிலுக்கு ஈடில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த 1489 சி.சி. என்ஜினில் கேம் ஷாஃப்ட்டின் மேடும் டேப்பட்டின் அடியும் உருளை எதுவும் இடையில் இல்லாமல் நேரடியாக உரசுகின்றன. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் வேண்டும். புகைவழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுப்பதால், ஆயிலுக்குத் தரம் வகுக்கும் ஏ.பி.ஐ. அமைப்பின் புதிய தரங்கள் மெல்லிய ஆயில்களில் அதன் அளவுக்கு உச்சவரம்பு வைத்தன. 20டபிள்யூ-50 போன்ற தடிப்பான ஆயில்களுக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. எனவே 20டபிள்யூ-50 மினரல் ஆயில் பெரும்பாலான பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு நியாயமான தேர்வு. டப்பாவில் ஆயிரம் ரூபாய் கூடுதலாக எழுதியிருப்பது என்ஜினுக்குத் தெரியாது.

ஆனால் டப்பாவுக்குள் இருப்பது டப்பா சொல்வதுதானா? போலி ஆயில் செய்ய ஆலை தேவையில்லை. வடிகட்டி நிறம் தெளியவைத்த பழைய ஆயில் அல்லது மட்டமான ஆயில், பெயர் போன கம்பெனியின் காலி டப்பா, புது மூடி, இவ்வளவே. அதனால் வாங்கும்போதே சில விஷயங்களைப் பிடிவாதமாகக் கேட்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., புகார் தெரிவிக்கும் தொடர்பு விவரம் எல்லாம் டப்பாவில் இருந்தாக வேண்டும். பேட்ச் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான். ஊற்றியபின் அரை லிட்டரை அதே டப்பாவில் மூடி வையுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தீரவில்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. ஆய்வில்லாமல் குறையைக் கண்டறிய முடியாத பொருளின் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த அரை லிட்டருக்கு அப்போதுதான் மதிப்புத் தெரியும். பில் இல்லாமல் போனால் இந்த உரிமைகளில் பெரும்பாலானவை ஏட்டுச் சுரைக்காய்.

இனி வடித்த 4 லிட்டர். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய என்ஜின் ஆயிலைத் தனியாகவே வரையறுக்கின்றன. குறிப்பிட்ட அளவுகோலுக்குள் இருந்தால் அதை மறுசுத்திகரிக்கலாம். 2023இல் வந்த திருத்தம், 2024 ஏப்ரல் 1 முதல், மசகு எண்ணெய் உற்பத்தி செய்பவர்கள் மீதே திரும்பப் பெறும் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சங்கிலியின் ஒரு நுனியில் உற்பத்தியாளர், நடுவில் பதிவு பெற்ற சேகரிப்பாளர், மறுசுத்திகரிப்பாளர் என்று இருக்க, வாசலில் வாளியோடு நிற்கும் வீட்டுக்காரருக்கு வழிகாட்டும் பலகை அந்தச் சங்கிலியில் இல்லை. அந்த இடைவெளியில்தான் கறுப்பு ஆயில் காணாமல் போகிறது.

காணாமல் போவதாவது, வீணாகவா போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சென்ட்ரிங் பலகைக்குப் பூசுகிறார்கள், கறையானுக்கு அடிக்கிறார்கள், கொசு வராமல் குட்டையில் ஊற்றுகிறார்கள். பலகையில் பூசியது மழையில் கழுவி மண்ணுக்குள்ளும், குட்டையில் ஊற்றியது நிலத்தடி நீருக்குள்ளும் போகும் என்பதை மறந்தால்தான் இது சிக்கனம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரமே எண்ணெயில் மிதந்ததே, அதற்கு முன் என் 4 லிட்டர் எம்மாத்திரம் என்பது அடுத்த வாதம். கொஞ்சம் வலுவான வாதம்தான். பெரிய குற்றவாளியைக் கேட்காமல் சிறியவனைக் கேட்பது நியாயமில்லை. ஆனாலும் ஒரு ஆயில் மாற்றத்தில் வடிவது பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. எண்ணூரில் படகிலும் வலையிலும் அப்பியதை ஊரே பார்த்தது. வாசல் மண்ணில் ஊற்றுவதை யாரும் பார்ப்பதில்லை. அது போய்ச்சேர்வது பெரும்பாலும் ஊற்றியவரின் கிணற்றுக்கே. காசு கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் வருகிறாரே என்பது மூன்றாவது வாதம். வருகிறார். எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டால் பதில் வராது. ஒன்று, ஏதாவது சூளையில் அப்படியே எரியும். அல்லது வெளுத்து, மூடி போட்டு, கடை அலமாரிக்கு வரும். முறையான மறுசுத்திகரிப்பில் நீரையும் லேசான பகுதிகளையும் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து அடிப்படை எண்ணெய் எடுக்கிறார்கள், அது போலியல்ல. துணியில் வடிகட்டிச் சாயம் போக்குவது வேறு வேலை.

ஆகவே பழைய ஆயிலைக் கசியாத பிளாஸ்டிக் கேனில் தனியாகப் பிடியுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், பிரேக் ஆயில், ரேடியேட்டர் நீர் எதுவும் அதில் கலக்கக் கூடாது; கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு உதவாமல் போகலாம். ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் அதில் தேங்கியதும் வடிந்துவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டர்களிலும் பெரிய ஒர்க்‌ஷாப்களிலும், பழைய ஆயிலை எடுத்துப்போகிறவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். ஆம் என்றால், உங்கள் கேனையும் அவர்களுடைய பீப்பாயில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் இடத்தில் மறுத்தால் இரண்டாவது இடம். புதிய ஆயில் வாங்கும் கடையிலும், திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு வையுங்கள். பத்துப் பேர் கேட்டால் அந்தக் கேள்வி கம்பெனிக்குப் போகும். தெருவில் யாராவது பீப்பாய் பீப்பாயாகக் கால்வாயில் ஊற்றினால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் படத்தோடு எழுத்தில் புகார் கொடுக்கலாம். மிச்சம் இருப்பது புது ஆயில் வந்த காலி டப்பா. சந்தேகமில்லை என்று உறுதியானபின் லேபிளைக் கிழித்து, ஆக்சா பிளேடால் கழுத்தை அறுத்து, மூடியை நசுக்கி, அப்புறம் காயலான் கடைக்குப் போடுங்கள்.