நாற்பத்தெட்டு வீடுகளும் ஒரு கேள்வியும்

வயது முதிர்ந்தவர்கள் தங்கள் பால்ய காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வீட்டிலுள்ள குழந்தைகள் மெல்ல எழுந்து வாசற்பக்கம் போய்விடுவது உலக வழக்கம். ஆனால் ஒரு முதியவர் தம்முடைய எண்பத்தைந்தாம் பிராயத்தில் தம் இளமையைச் சொல்லத் தொடங்கியபோது, தமிழ்நாடே வாரந்தோறும் காத்திருந்து கேட்டது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-ஆம் வருஷம் ஜனவரி மாதம் ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கியது. 122 அத்தியாயங்கள் வந்தன. 1942 ஏப்ரல் 28-ஆம் தேதி ஐயரவர்கள் காலமாகவே, கதை நடுவிலேயே நின்றுவிட்டது. புஸ்தகமாக அது வெளிவந்தது 1950-இல்.

அந்தப் புஸ்தகத்தின் முற்பகுதியை ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். பரீட்சைக்கு அது வேண்டியதில்லை. எனினும் எங்கள் கீழ்வேளூரும் உத்தமதானபுரமும் ஒரே காவிரியின் நீரைக் குடிப்பவை. அது பாபநாசத்துக்கு அருகே மேல்மடையில் இருக்கிறது, எங்களுடையதோ கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி பத்திரிகையில் வந்து பல நாட்களான பின்னரே எங்கள் வாய்க்காலில் புது வெள்ளத்தின் நுரை தெரியும். சில வருஷங்களில் அதுவும் தெரியாது. குறுவை போனால் சம்பா, சம்பாவும் போனால் கடன் என்று கணக்குப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். தங்கள் ஊரைப் போன்ற ஊர் ஒன்று பெரிய புஸ்தகத்தில் இருக்கிறது என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்பதே என் எண்ணம்.

உத்தமதானபுரம் ஏற்பட்ட வரலாற்றோடு ஐயர் தொடங்குகிறார். தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி விரதத்தன்று மறதியாகத் தாம்பூலம் தரித்துவிட்டாராம். அந்தத் தோஷம் நீங்கும்பொருட்டு ஓர் அக்கிரகாரத்தைக் கட்டி வேதம் வல்லவர்களுக்குத் தானம் செய்தாராம். வீடுகள் நாற்பத்தெட்டு, இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறாகக் கிணறுகள் இருபத்து நான்கு. ஒரு வெற்றிலைச் சுருளிலிருந்து ஓர் ஊர் பிறந்த இந்தக் கதையைக் கேட்டு வகுப்பு முழுவதும் சிரிக்கும்.

இதற்கு இணையாகப் பிரெஞ்சு தேசத்துப் புஸ்தகம் ஒன்றையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. காரைக்கால் எங்களுக்குத் தூர தேசமன்று. 1954 வரையில் அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்ததை நேரில் கண்ட பெரியவர்கள் பலர் இப்பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் அந்தக் கொடிக்குரிய நாட்டின் கிராமத்துச் சிறுவன் எப்படி வளர்ந்தான் என்பதை நம்மில் அறிந்தவர் சிலரே. மார்செல் பஞோல் என்ற ஆசிரியர் 1957-இல் 'என் தந்தையின் பெருமை' என்றும், அதைத் தொடர்ந்து 'என் தாயின் கோட்டை' என்றும் பொருள்படும் பெயர்களில் தம் இளமையைக் கதையாக எழுதினார். நாவலின் சுவையும் சுயசரிதத்தின் உண்மையும் கலந்த நூல்கள் அவை. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில்தான்.

பஞோலின் தந்தை என்னைப் போல ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். மார்சேய் நகரத்தில் வேலை; விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு பக்கத்து மலைப்புறத்திலுள்ள ஒரு சிறு வீட்டில் வாசம். மகனுக்கோ தந்தை சகலமும் தெரிந்தவர். அந்த மலையில் வேட்டைக்குப் போகும்போதுதான், துப்பாக்கி பிடிப்பதில் அவர் வெறும் கற்றுக்குட்டி என்பது பையனுக்குப் புலப்படுகிறது. தந்தை அவமானப்பட்டுவிடுவாரோ என்று சிறுவன் துடிக்கிறான். கடைசியில் தந்தை சுட்டு வீழ்த்திய இரண்டு அரிய கௌதாரிகளைக் கைகளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறையின் உச்சியில் நிற்கும்போது அவனுக்கு உண்டாகும் பூரிப்பு இருக்கிறதே, அது தகப்பனுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது.

சாமிநாதையரின் தகப்பனாரோ சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர்; இராமாயணப் பிரசங்கம் செய்து அதில் வந்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். மகனும் சங்கீதத்தில் தேர்ச்சி பெறவேண்டும் என்பது அவர் ஆசை. மகன் மனமோ தமிழில் ஆழ்ந்தது. தமிழ் படித்தவனுக்கு உத்தியோகம் கிடைக்காத காலம் அது. இருந்தும் அந்தத் தந்தை தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அரியலூர், குன்னம், கார்குடி என்று நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பையனை அழைத்துக்கொண்டு அலைந்தார். 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மகன் கொஞ்சம் சங்கீதம் கற்கத் தொடங்கினான். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டான். தந்தையின் ஆசை இவ்வாறு முற்றும் கைநழுவியது. அதைப் பொறுத்துக்கொண்ட அந்த மனிதரால் நமக்குச் சீவக சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மீண்டு வந்தன. கௌதாரிகளைவிட இது பெரிய வேட்டை என்று நான் சொன்னால் பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டு நூல்களுக்கும் வேற்றுமையும் உண்டு. பஞோல் நாவலாசிரியர்; சொல்லப்படுபவன் இப்போதுள்ள தாமல்ல என்று முன்னுரையிலேயே எச்சரித்துவிட்டு, நிகழ்ச்சிகளை இழைத்து அழகுபடுத்துகிறார். ஐயரோ ஏட்டுச் சுவடிகளில் ஓர் எழுத்துக்காக ஊர் ஊராக அலைந்தவர். தம் வாழ்க்கையையும் ஒரு பழஞ்சுவடியைப் போலவே, பாடம் பிறழாமல் பதிப்பிக்கிறார். மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பழக்கும்போது இந்த இரண்டு வழிகளையும் காட்டிவிட்டு, 'உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்' என்று சொல்வேன்.

இப்படி ஒரு வருஷம் சொல்லி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள்.

"ஐயா, அந்த நாற்பத்தெட்டு வீட்டுக்கும் நெல் விளைத்துக் கொடுத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அவர்களுக்கு எத்தனை கிணறு?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அதே கதையைப் படித்துக் காட்டிய எனக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை என்ற வெட்கமே முதலில் வந்தது.

ஐயரைக் குறை கூறுவது என் கருத்தன்று. 1860-களில் அக்கிரகாரத்துச் சிறுவன் ஒருவன் சேரிக்குள் போய் அங்குள்ள குழந்தைகளோடு விளையாடியிருக்க முடியாது. உயிருக்கு உயிராக நேசித்த தம் ஆசிரியரின் வீட்டிலேயே அவர் உணவு கொள்ள இயலாதபடி சாதி வழக்கம் தடுத்த காலம் அது. தாம் கண்டதை அவர் பொய்யில்லாமல் எழுதினார். காணாததை யார் எழுதுவது? அங்கே இருந்தவர்களே எழுத வேண்டும். எழுதுவதற்கோ எழுத்து வேண்டும்; எழுத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும்; பள்ளிக்கூடத்துக்கு வயிற்றில் சோறு வேண்டும்.

பிரெஞ்சு தேசத்திலும் இந்தக் குறை இருந்தது. அதைத் தீர்க்க முன்வந்தவர்களில் ஒருவர் எமீல் கியோமன் என்ற குடியானவர். 1873-இல் பிறந்து 1951-இல் மறைந்த அவர், சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோன பிறகும், தம் கிராமத்திலேயே உழுது பயிரிட்டுக்கொண்டு ஓய்ந்த நேரங்களில் எழுதினார். அவருடைய 'ஒரு பாமரனின் வாழ்க்கை' என்ற நாவல் 1904-இல் வெளிவந்தது. விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்துவிட்டு மீதியில் பிழைக்கும் வாரக்குடி ஒருவன், ஆடும் பன்றியும் மேய்த்த தன் இளமை முதல் முதுமை வரை தானே சொல்வதாக அமைந்த கதை அது. நமது பக்கத்து வாரச் சாகுபடியை அறிந்தவர்களுக்கு அதில் அந்நியமாக எதுவும் தோன்றாது.

எங்கள் வட்டத்தைச் சேர்ந்ததுதான் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களிற் பெரும்பாலார் பெண்களும் குழந்தைகளும். அதைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலுக்கு 1977-இல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. ஆனால் அன்று இறந்த குழந்தைகள் எந்த மரத்தில் ஏறினார்கள், எந்த வாய்க்காலில் நண்டு பிடித்தார்கள் என்பதை அவர்களே சொல்லும் அத்தியாயம் எந்தப் புஸ்தகத்திலும் வராது. எழுதப்படாத பால்யம் என்பது இலக்கியத்துக்கு மாத்திரம் நஷ்டமன்று. ஒரு தெருவில் வாழ்கிறவர்களும் தம்மைப் போலவே தகப்பனை நேசித்துத் தாயைக் கண்டு பயந்து வளர்ந்தவர்கள் என்பதை மற்றொரு தெரு அறியாமல் இருப்பதனாலேயே பல கொடுமைகள் நேர்கின்றன.

நிலைமை மாறிவருகிறது என்பதும் உண்மை. 1992-இல் பாமா எழுதிய 'கருக்கு' வெளிவந்தபோது, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் இளமை, அங்கே வளர்ந்த பெண்ணின் பேச்சிலேயே புஸ்தகமாயிற்று. இந்த நெல்வயல்களிலிருந்தும் அப்படிப்பட்ட நூல்கள் இன்னும் பல வரவேண்டும். சுதந்திரத்தின் பயன் எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடைத்ததோடு முடிந்துவிடவில்லை. தன் கதையைத் தானே சொல்லும் உரிமையும் அதில் அடங்கியதே.

படிக்கத் தெரிந்த நம் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு 'என் சரித்திர'த்தைக் கட்டாயம் படித்துக் காட்டுங்கள். அதைப் போன்ற நூல் நமக்கு வேறில்லை. படித்து முடித்ததும், நம் வீட்டுக்கு நெல் எங்கிருந்து வருகிறது, அதை நட்டவர்களின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்றும் ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்தப் பெண் மறுவாரம் தன் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றரைப் பக்கம், எழுத்துப் பிழைகள் பல. 'எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்' என்று தொடங்கியிருந்தது. பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். முதல் வாக்கியத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை.