காணி யாருடையது என்று முதலில் கேளுங்கள்!



மன்னார் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? பருத்துத் திரண்ட பெருக்கு மரமா? பனந்தோப்பா? வீதியில் கூட்டமாய்த் திரியும் கழுதைகளா? ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன சிலாவத்துறைக் கடலா? இவை எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மண்ணுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது முடிந்துபோன கதை என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முடியவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

1990 ஒக்டோபர் மாதம். வட மாகாணத்தில் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னாரில் சில நாட்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், புதுக்குடியிருப்பு, உப்புக்குளம் முதலிய தீவுக் கிராமங்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. நகையும் பணமும் பறிக்கப்பட்டன. கைக்குழந்தையோடும் கிழவர்களோடும் மக்கள் கடற்கரையில் காத்துக் கிடந்தார்கள். படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பெருநிலப்பரப்பில் முசலி, விடத்தல்தீவு, பெரியமடு மக்களும் இவ்வாறே துரத்தப்பட்டார்கள். வடக்கு முழுவதிலும் ஏறத்தாழ 75,000 பேர் ஒரு சில நாட்களில் அகதிகளானார்கள்.

தமிழ் அயலவர்கள் பலர் கண்ணீர் விட்டு வழியனுப்பினார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. துப்பாக்கிக்கு முன் அவர்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. புத்தளம் மக்கள் சோறு கொடுத்தார்கள். கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், நடந்தது தவறு என்று புலிகள் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் ஏற்றுக்கொண்டார். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. இனி எல்லாரும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்றுதான் நாடு நினைத்தது.

திரும்பிப் போனவர்கள் கண்டது என்ன?

20 வருடம் மனிதக் கால் படாத ஊரில் என்ன இருக்கும்? வீட்டுக்குள் மரம் வளர்ந்து கூரையைப் பிளந்திருந்தது. கிணறு தூர்ந்திருந்தது. சில இடங்களில் வேறு குடும்பங்கள் குடியிருந்தன. அவர்களும் யுத்தத்தால் விரட்டப்பட்ட ஏழைகளே. உறுதியும் பேர்மிட்டும் பலரிடம் இல்லை. உயிர் தப்ப ஓடுகிறவன் கையில் எடுத்துப் போவது பிள்ளையையா, பத்திரத்தையா?

இன்னொரு சிக்கலும் உண்டு. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று நாலைந்து குடும்பம். அன்று மடியிலிருந்த பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளை பிறக்கும் வயது. வாப்பாவின் ஒரு துண்டுக் காணியில் அத்தனை பேரும் எப்படி வீடு கட்டுவது? அரசாங்கக் காணி கேட்டால் கோவை மேசைக்கு மேசை நகர்கிறது. ஆகவேதான் பலர் இன்றும் ஒரு கால் புத்தளத்திலும் ஒரு கால் மன்னாரிலுமாக வாழ்கிறார்கள்.

முசலிப் பிரதேசத்தின் கதை இன்னும் வேதனையானது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் ஊரில் இல்லாத காலத்தில் வளர்ந்த காடு, 2012இல் வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. தலத்துக்கு வராமல் வரைபடத்தைப் பார்த்தே எல்லை போட்டார்கள் என்பது அம்மக்களின் முறைப்பாடு. 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவுக்குச் சென்றிருந்த வேளை, அங்கிருந்தே மாவில்லு பேணற்காட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பரப்பு 40,000 ஹெக்டெயருக்கும் மேல். மறிச்சுக்கட்டி மக்கள் வாரக் கணக்காக வீதியோரத்தில் அமர்ந்து போராடினார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். காட்டைக் காப்பதும் நம் கடமையே. மீள்குடியேற்றத்தின் பேரால் காடு வெட்டப்பட்டது என்ற வழக்கில், முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் தம் சொந்தச் செலவில் மரம் நட வேண்டும் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது ஆதிக் காடு, எது ஆளில்லாததால் காடாகிப் போன ஊர் என்று, பழைய உறுதிகளையும் வாக்காளர் இடாப்பையும் பள்ளிவாசல் பதிவுகளையும் வைத்துக்கொண்டு, மக்களையும் அருகில் நிறுத்தி அளந்து பிரித்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்குமா? அந்த வேலையை உரிய காலத்தில் செய்யாதது அரசியல்வாதிகளின் குற்றம். பழியோ ஊர் திரும்பிய ஏழையின் தலையில்!

வாக்குக் கேட்க மட்டுமா நாம்?

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. வடக்கு முஸ்லிம்களின் பிரச்சினைக்கு விசேட குழு அமைத்து, ஒரு தெளிவான அரச கொள்கை வகுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் பின் எத்தனை அரசாங்கங்கள் வந்தன, போயின! அந்தக் கொள்கையை எந்த அரசாங்கம் வகுத்து முடித்தது?

தேர்தல் என்றால் மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் வரும், பஸ் வரும். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போனவர்களின் பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, கல்லும் எறியப்பட்டது. அல்லாஹ்வின் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. சொந்த ஊரில் வாக்களிக்க 29 வருடத்துக்குப் பிறகும் பஸ்ஸேறிப் போக வேண்டியிருந்ததே, ஏன் என்று எந்தத் தலைவராவது நின்று யோசித்தாரா?

இப்போது கம்பனிகளும் வந்துவிட்டன

மன்னார்த் தீவு சிறியது. சுமார் 130 சதுர கிலோமீற்றர்தான். ஆனால் அங்கே வீசும் காற்றுக்கும் அங்குள்ள மணலுக்கும் இன்று பெரிய விலை. 2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைப் பண்ணை 30 கோபுரங்களோடு தீவின் தென்கரையில் திறக்கப்பட்டது. பிறகு இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் திட்டத்துக்கு அனுமதி பெற்றது. வழக்குகளுக்கும் விலைப் பேச்சுக்கும் பின்னர் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டேனியம் சேண்ட்ஸ் நிறுவனம் தீவின் மணலிலுள்ள இல்மனைட்டைத் தேடி நிலத்தைத் துளைத்துப் பார்த்தது. 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராகத் தமிழரும் முஸ்லிம்களும், கத்தோலிக்கக் குருமாரும் மௌலவிமாரும் ஒன்றாய் வீதிக்கு வந்தார்கள். செப்டம்பர் 26 இரவு, காற்றாலைப் பாகங்கள் கொண்டுவரப்பட்டபோது பொலிஸாருக்கும் மக்களுக்கும் மோதல் மூண்டது.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கம்பனிகள் எல்லாமே திருடர்கள் என்றும் சொல்லவில்லை. நாம் கேட்பது ஒன்றே: ஒரு கம்பனி முளை அடிக்கும் முன்னே, "இந்தக் காணி 1990க்கு முன் யாருடையது? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டதா?

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஊர் மக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டோம் என்று ஒரு கம்பனி சொல்கிறது. ஊர் மக்கள் என்றால் யார்? இன்று ஊரில் இருப்பவர்கள். துரத்தப்பட்டு இன்னும் திரும்ப முடியாமல் புத்தளத்தில் இருக்கும் விதவைத் தாயை யார் கேட்டார்கள்? சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். அறிவித்தல் மன்னாரில் ஒட்டப்பட்டால் புத்தளத்து வாடகை வீட்டிலிருக்கும் காணிச் சொந்தக்காரிக்கு எப்படித் தெரியும்? முதல் தடவை துப்பாக்கி துரத்தியது. இம்முறை சத்தமே இல்லாமல் காகிதம் துரத்திவிடும்.

"அரசாங்கம் தந்த காணியில்தான் வேலை செய்கிறோம்" என்பது கம்பனியின் பதில். "கம்பனி பார்த்துக்கொள்ளும்" என்பது அரசியல்வாதியின் பதில். இந்த விளையாட்டை உலகம் ஏற்கவில்லை. வியாபாரமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளை 2011 ஜூனில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்றுக்கொண்டது. மக்களைக் காப்பது அரசின் கடமை; அரசு தவறினாலும் மனித உரிமையை மதிப்பது கம்பனியின் தனிப் பொறுப்பு; பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும். இதுவே அதன் சாரம். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றிய 1998ஆம் ஆண்டின் ஐ.நா. கோட்பாடுகளும், விட்டுவந்த சொத்தை மீட்டுக்கொள்ள அதிகாரிகள் உதவ வேண்டும் என்கின்றன.

மக்காவில் எடுத்த ஒரு சத்தியம்

இது மேற்கிலிருந்து வந்த புதுப் பேச்சு என்று எவரும் எண்ண வேண்டாம். யெமன் நாட்டு வியாபாரி ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். ஆஸ் இப்னு வாயில் என்னும் செல்வாக்குமிக்க குறைஷித் தலைவர் அதை வாங்கிக்கொண்டு விலை கொடுக்க மறுத்தார். வெளியூர்க்காரருக்கு யார் துணை? அவர் மலைமீது ஏறி நின்று நியாயம் கேட்டார். குறைஷிகளில் நல்லவர்கள் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். பொருள் திரும்பக் கிடைத்தது. அதுதான் ஹில்புல் புழூல். வாலிபராக இருந்த நமது நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். நுபுவ்வத் கிடைத்த பின்பும், அப்படியொரு உடன்படிக்கைக்கு அழைத்தால் இன்றும் வருவேன் என்ற கருத்தில் பேசினார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் யார்? வியாபாரிகளும் ஊர்த் தலைவர்களும்! இன்றைய பாஷையில் சொன்னால் கம்பனிக்காரர்களும் அரசியல்வாதிகளும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு மறுமையில் என்ன கதி என்பதை புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் படித்தவர்கள் நாம். அந்த எச்சரிக்கை அரசுக்கும் பொருந்தும், கம்பனிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

ஆம், நமக்கும்தான். முள்ளிக்குளம் கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம். 2007இல் வெளியேற்றப்பட்ட அம்மக்களின் ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. 2017இல் அவர்கள் போராடிய பின்னரே ஒரு பகுதிக் காணியை விட கடற்படை சம்மதித்தது. அவர்களுக்காக நம்மில் எத்தனை பேர் குரல் கொடுத்தோம்? நம் காணிக்கு மட்டும் நியாயம் கேட்டால் அது நியாயம் ஆகாது. வெறும் பங்குச் சண்டை.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் இருக்கும் தாய்மார்களும் செய்யக்கூடியவை இவை.

ஒன்று: காணி உறுதி, பேர்மிட், வரி ரசீது, பழைய வாக்காளர் இடாப்பு, பங்கீட்டு அட்டை எதுவாயினும் ஒரு கோப்பில் சேர்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். ஊரின் எல்லை தெரிந்த முதியவர்கள் சொல்வதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் மையவாடிக்குப் போனால் அந்த எல்லையும் கூடவே போய்விடும்.

இரண்டு: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. எந்தக் காணி, எந்தக் கம்பனிக்கு, எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்று பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

மூன்று: அரச அதிகாரிகளால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றம் செல்ல 1 மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. தாமதிக்காதீர்கள்.

நான்கு: வாக்குக் கேட்டு வருபவரிடம் பாதையும் தெருவிளக்கும் மட்டும் கேட்காதீர்கள். "விசேட குழு எங்கே? எங்கள் ஊர் எல்லையை எப்போது அளப்பீர்கள்?" என்று கேட்டு, பதிலைத் திகதியோடு எழுதி வாங்குங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் முன்னின்றால் இது நடக்கும்.

ஐந்து: கொழும்பிலும் வெளிநாட்டிலும் வாணிபம் செய்யும் நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பனிகளில் பங்கு வைத்திருக்கிறீர்கள், அவற்றுக்குச் சரக்குக் கொடுக்கிறீர்கள், லொறி ஓட்டுகிறீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், காணியின் 1990க்கு முந்திய வரலாறு பார்க்கப்பட்டதா, அறிவித்தல் புத்தளத்துப் பள்ளிவாசல்களுக்கும் போனதா என்று கேளுங்கள். ஹலாலான வியாபாரம் என்பது பொருளோடு முடிவதில்லை. அது நிற்கும் நிலத்தையும் பார்க்கும்.

சகோதரர்களே, 35 ஆண்டுகள் கடந்துவிட்டன. கடற்கரையில் காத்திருந்தவர்களில் பலர் ஊர் மண்ணைப் பாராமலே புத்தளத்தில் அடங்கிவிட்டார்கள். எஞ்சியவர்கள் கேட்பது பிச்சை அல்ல. தம் பெயரிலுள்ள காணி. அந்த யெமன் வியாபாரிக்குக் கிடைத்த நியாயம் மன்னாரின் பிள்ளைகளுக்கும் கிடைக்க, கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம். இன்றே ஒரு கடிதமாவது எழுதுவோம். வல்ல அல்லாஹ் அதற்கான துணிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.