கிரேபிஷ் பிடிக்கும் பொறிகள்: தேர்வும் உபயோகமும்

கிரேபிஷ் என்பது இறால், நண்டு ஆகியவற்றின் உறவினமாகிய ஒரு நன்னீர்ப் பிராணி. கனத்த ஓடும், வலிய முன் இடுக்கிகளும், விசிறி போன்ற வாலும் உடையது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய பகுதிகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் இதன் பல இனங்கள் வாழ்கின்றன. நம் நாட்டு நன்னீர்நிலைகளில் இது இயற்கையாக இல்லை. இதற்குத் தமிழில் பழகிய பெயர் ஒன்று இல்லாமற் போனதும் அதனாலேயே. சிங்கி இறால் என்று நம் கடற்கரையோரத்தில் வழங்கப்படுவது கடலில் வாழ்வது. அதற்கு இத்தகைய பெரிய இடுக்கிகள் கிடையா. ஆஸ்திரேலிய மக்கள் பேச்சு வழக்கில் இரண்டையுமே கிரேபிஷ் என்று அழைப்பதால், அந்நாட்டு நூல்களைப் படிப்போர் சிறிது எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இக்கட்டுரை நன்னீர் இனங்களைப் பற்றியது மட்டுமே.

நம்மிடம் இல்லாத பிராணியைப் பிடிக்கும் கருவியைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நீரடியில் இரை வைத்துப் பிடிக்கும் கருவி எதுவாயினும் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிடிக்க நினையாத பிராணி ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், அது உயிருடன் வெளிவர வழி இருக்கிறதா என்பதே அது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்காகக் கிரேபிஷ் பிடிப்போரின் அனுபவம் இக்கேள்வியை மிகத் தெளிவாக எழுப்பியுள்ளது.

அப்பகுதியில் பெரும்பாலோர் பிடிப்பவை இரண்டு இனங்கள். ஒன்று யாபி எனப்படும் செராக்ஸ் டெஸ்ட்ரக்டர். பண்ணைக் குட்டைகள், கலங்கல் நீர் ஓடைகள், தேங்கிய கால்வாய்கள் ஆகிய எங்கும் இது வாழும். நீர் வற்றினால் சேற்றில் வளை தோண்டி உள்ளே பதுங்கி, மீண்டும் மழை வரும் வரை காத்திருக்கும். நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் நடமாட்டம் பெரிதும் குறைந்துவிடுமாதலால், இதைப் பிடிக்கும் காலம் கோடை. மற்றொன்று மர்ரே ஆற்றுக் கிரேபிஷ். உலகின் நன்னீர்க் கிரேபிஷ் இனங்களுள் பருமனில் இரண்டாவது இடம் இதற்கு உண்டு; முதலிடம் டாஸ்மேனியத் தீவின் இனம் ஒன்றிற்கு உரியது. யாபிக்கு நேர்மாறாக இது குளிர்ந்த நீரில்தான் சுறுசுறுப்பாக இயங்கும். ஆகவே இதைப் பிடிக்க அனுமதிக்கப்படும் பருவம் அந்நாட்டுக் குளிர்காலமாகிய ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள். ஓர் இனத்தைப் பிடிப்பவன் வெயிலிலும், மற்றோர் இனத்தைப் பிடிப்பவன் பனியிலும் கரையில் நிற்க வேண்டியிருக்கிறது.

இவ்விரண்டும் இரையைக் கண்ணால் தேடுவதைக் காட்டிலும் மணத்தால் தேடுவதே அதிகம். தலையின் முன்புறத்திலுள்ள சிறிய உணர்கொம்புகள் நீரில் கரைந்துவரும் இரையின் மணத்தை அறிகின்றன. மணம் வரும் திக்கை நோக்கித் தரையோடு தரையாக ஊர்ந்து, எதிர்ப்படும் பொருளைத் தடவிப் பார்த்துக்கொண்டே பிராணி முன்னேறுகிறது. பொறி செய்தவர்கள் இப்பழக்கத்தையே தமக்குச் சாதகமாக்கிக் கொண்டனர். மூடிய கூடு ஒன்றின் பக்கங்களில் புனல் வடிவ வாயில் அமைத்தால், சுவரைத் தடவி வரும் பிராணி அகன்ற வாயில் நுழைந்து குறுகிய முனை வழியே உள்ளே விழுகிறது. புனலின் முனை கூட்டின் நடுவெளியில் தொங்குவதால், சுவரோரமாகவே வழி தேடும் பிராணிக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. நம் நாட்டில் மூங்கிலால் பின்னப்படும் மீன் பறியின் தத்துவமும் இதுவே.

இந்தத் தத்துவத்தில் செய்யப்பட்டு ஆஸ்திரேலியாவில் மிகப் பரவலாக விற்பனையானது "ஆபரா ஹவுஸ்" பொறி. மடக்கக்கூடிய கம்பிச் சட்டத்தின்மேல் வலை போர்த்தி, இருபுறமும் வளையமிட்ட வாயில்கள் வைத்திருப்பார்கள். விரித்தால் அதன் வளைந்த கூரை, 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிட்னி நகரின் புகழ்பெற்ற இசையரங்கத்தை நினைவூட்டும். பெயர்க் காரணம் அதுவே. விலை மலிவு, மடித்தால் கைப்பையில் அடங்கும், மாலையில் இட்டுவிட்டு வீட்டிற்குச் சென்று உறங்கலாம். சிறுவர்களும் அதை எளிதில் உபயோகித்தனர்.

கிரேபிஷ் செவுள்களால் சுவாசிப்பது. இரவு முழுவதும் பொறிக்குள் கிடந்தாலும் அதற்கு மூச்சு முட்டுவதில்லை. பொறியை வடிவமைத்தவர்கள் அந்த ஒரு பிராணியையே மனத்திற் கொண்டிருந்தனர் போலும். ஆனால் அதே ஓடைகளில், யாபியைத் தின்று வாழும், காற்றைச் சுவாசிக்கும் பிராணிகளும் உள்ளன. அவற்றுள் முதன்மையானது பிளாட்டிபஸ். வாத்தின் அலகு போன்ற மூக்கும் நீர்நாயின் உடலும் கொண்டு, முட்டையிட்டுக் குட்டிகளுக்குப் பாலூட்டும் இவ்விசித்திரப் பிராணியை ஆசிரியர்கள் பாடநூல்களில் கண்டிருப்பார்கள். அது நீரில் மூழ்கும்போது கண், காது, மூக்குத் துவாரம் யாவற்றையும் மூடிக்கொள்கிறது. இரையின் தசைகள் அசையும்போது எழும் மிகச் சிறு மின்னோட்டத்தை அதன் அலகு உணர்கிறது. பொறிக்குள் நாலைந்து யாபிகள் வாலடித்துத் துடித்துக்கொண்டிருப்பது அதற்கு விருந்துக்கு அழைப்பு விடுத்தது போன்றதே. உள்ளே புகுந்த பிளாட்டிபஸ் வெளியேற வழி காணாமல், ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் மூச்சடைத்து இறந்துவிடுகிறது. ராக்காலி என்னும் நீரெலியும், நீண்ட கழுத்துடைய நன்னீர் ஆமையும் இவ்வாறே மடிகின்றன.

இழப்பு ஒரு பிராணியோடு நிற்பதில்லை. பிளாட்டிபஸின் குட்டிகள் வளையினுள் மூன்று நான்கு மாத காலம் தாய்ப்பாலை மட்டுமே நம்பி வளர்வன; கோடையின் பிற்பகுதியில்தான் முதன்முதலாக நீருக்கு வருகின்றன. யாபி பிடிப்பு மும்முரமாக நடக்கும் காலமும் அதுவே. முற்கோடையில் தாய் பொறியில் சிக்கினால் வளையிலுள்ள குட்டிகளும் பட்டினியால் சாகும். பிற்கோடையில் பழக்கமற்ற இளங்குட்டிகளே சிக்கும். மேலும், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டோ கயிறு அறுந்தோ தொலைந்துபோன மூடிய பொறி, தொழிலை நிறுத்துவதில்லை. உள்ளே இறந்த பிராணியே அடுத்த பிராணிக்கு இரையாகிறது. இச்சுழற்சி வலை மட்கும் வரை தொடரும். நைலான் வலை மட்கப் பல்லாண்டுகள் ஆகும்.

விக்டோரியா மாநிலத்தில் முதலில் பொது நீர்நிலைகளில் மட்டும் இப்பொறி தடுக்கப்பட்டிருந்தது. தனியார் குட்டைகளில் அனுமதி இருந்தமையால் கடைகளில் தடையின்றி விற்கப்பட்டது. வாங்கியவர் அதை எந்த ஓடையில் இடுகிறார் என்பதை யார் கண்காணிக்க இயலும்? பாதி தடை தடையே ஆகாது என்பது விரைவில் புலப்பட்டது. 2019 ஜூலை 1 முதல் அம்மாநிலம் தனியார் நீர்நிலைகள் உட்பட எங்கும் இதை உபயோகிக்கலாகாது என விதித்தது. பழைய பொறியைக் கொடுத்தவர்களுக்குத் திறந்த வலை மாற்றித் தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. சட்டத்தைவிட இந்த ஏற்பாடே மக்கள் மனத்தை மாற்ற அதிகம் உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2021 ஏப்ரல் 30 முதல் இதே தடையை மேற்கொண்டது.

இனி, மாற்றாக வந்த கருவிகளைக் காண்போம். எளிமையானது வளைய வலை. ஓர் இரும்பு வளையத்தில் ஆழமற்ற வலைப்பை கட்டி, நடுவில் இரையைப் பிணைத்து, மூன்று நான்கு கயிறுகளால் ஒரே மிதவைக் கயிற்றோடு சேர்த்திருப்பார்கள். தரையில் கிடக்கும்போது அது தட்டையாக இருக்கும். சுவரும் இல்லை, கூரையும் இல்லை. தூக்கும்போதுதான் வளையம் உயர்ந்து பையாகிறது. மற்றொன்று கூம்பு வலை. அடிச்சட்டம் அகன்றும் மேல் வளையம் குறுகியும் இருக்கும். மேல் வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி. காற்றுக்காக மேலே எழும் பிராணி அவ்வழியே வெளியேறிவிடும். தரையோடு ஊர்ந்து பழகிய கிரேபிஷ் மேல்நோக்கி வழி தேடுவது அரிது. இரு பிராணிகளின் பழக்க வேற்றுமையே இங்குக் கதவாக அமைந்திருப்பது மிக அழகிய ஏற்பாடு.

திறந்த வலையால் பிடிப்பு குறையும் என்பது சிலர் கூறும் குறை. ஓரளவு உண்மைதான், இட்டுவிட்டு உறங்கச் செல்ல இயலாது. ஆனால் மூடிய பொறியும் எண்ணுவது போல் நிரம்பிக்கொண்டே போவதில்லை. முதலில் புகுந்த பெரிய ஆண் கிரேபிஷ் இரையருகே அமர்ந்து மற்றவற்றை விரட்டுவதால், பொறிகளில் பெரிய ஆண்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. அடிக்கடி தூக்கும் வலையில் இக்குறை இல்லை.

வலையை இடும் இடம் சமதரையாக இருத்தல் வேண்டும். சரிவிலோ வேர்களின்மேலோ இட்டால் வளையம் ஒருபுறம் உயர்ந்து நிற்கும். பிராணி அடியில் நுழைந்து இரையைக் கொறிக்கும். யாபிக்குக் குட்டையின் ஓரமும் கலங்கல் நீரும் ஏற்றவை. மர்ரே கிரேபிஷுக்கு ஓடும் நீரில், விழுந்து கிடக்கும் மரங்களுக்கு அண்மையில், கனமான வளையம் தேவை. இல்லையேல் நீரோட்டம் வலையைப் புரட்டிவிடும். இரையாக மீன் துண்டோ இறைச்சியோ போதும். அதைச் சிறு வலைப்பையில் இட்டுக் கட்டினால் மணம் பரவும், தீனி தீராது. தூக்கும்போது முதற்கணம் கயிற்றை மெல்ல இறுக்கி, பின்னர் நிறுத்தாமல் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். இடையில் கை தளர்ந்தால் கிரேபிஷ் வாலை ஒருமுறை அடித்துப் பின்னோக்கிப் பாய்ந்து மறைந்துவிடும்.

பிடித்தவற்றுள் வயிற்றடியில் முட்டை சுமக்கும் பெண்களை உடனே நீரில் விடுதல் கட்டாயம். மர்ரே கிரேபிஷ் மெதுவாக வளர்வதால் அதற்கு அளவு விதியும் உண்டு. கண்குழியின் பின்விளிம்பு முதல் தலைமார்பு ஓட்டின் பின்விளிம்பு வரை அளந்து, 10 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 12 சென்டிமீட்டருக்கு மிகுந்ததையும் விட்டுவிட வேண்டும். சிறியதை விடுவது எவருக்கும் புரியும். பெரியதை விடச் சொல்வது, அதிக முட்டையிடும் முதிர்ந்த பெண்களைக் காப்பதற்காக.

நம் நாட்டில் பிளாட்டிபஸ் இல்லை. ஆயினும் நீரில் மூச்சடைத்துச் சாகும் பிராணிகள் பல உண்டு. விரால் மீன் அவற்றுள் ஒன்று என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கும். செவுள் இருந்தும், அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்காவிடில் அது பிழைப்பதில்லை. முழுதும் மூழ்கிய பறிக்குள் நெடுநேரம் கிடந்தால் விரால் செத்துவிடும். ஆமையும் நீர்ப்பாம்பும் அவ்வாறே. பறியின் மேற்பகுதி நீர்மட்டத்திற்குமேல் நிற்குமாறு வைத்தால் இவை யாவும் பிழைத்திருக்கும், மீனவருக்கும் மீன் உயிருடன் கிடைக்கும். கள ஊழியர்கள் கிராமங்களில் பறிகளைப் பார்வையிடும்போது கண்ணியின் அளவை மட்டும் குறித்துக்கொள்ளாமல், கூரை நீருக்கு மேலா கீழா என்பதையும், எத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது என்பதையும் குறித்தல் நலம். அழகு மீன் வணிகத்தில் அயல்நாட்டுக் கிரேபிஷ்களும் இப்போது விற்கப்படுகின்றன. வளர்த்துச் சலித்தவர்கள் அவற்றைக் குளத்தில் விடாதபடி அறிவுறுத்துவதும் அவசியம்.

பள்ளியில் இதை விளக்க விரும்பும் ஆசிரியர் பழைய கம்பியை இரண்டு சாண் அகல வளையமாக்கி, கொசுவலைத் துணியைத் தொய்வாகக் கட்டி, நடுவில் ஒரு துண்டுக் கருவாடு வைத்து, வாய்க்காலில் வயல் நண்டுகள் நடமாடும் இடத்தில் இட்டுப் பார்க்கலாம். ஒருமுறை மெதுவாகவும், மறுமுறை விரைவாகவும் தூக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் எத்தனை நண்டுகள் வலையில் நின்றன, எத்தனை இறங்கி ஓடின என்று மாணவர்களையே எண்ணச் செய்யலாம். எண்ணி முடித்ததும் நண்டுகளை அதே வாய்க்காலில் விட்டுவிடவும்.