உள்ளங்கை அளவு நிலம்

நுழையும்முன்

ஆற்றின் ஆழத்தைக் கோல்கொண்டு அளந்து பார்த்து இறங்கலாம். பாலம் தாங்கும் எடையைப் பலகையில் எழுதி வைக்கலாம். ஓடும் சக்கரத்துக்கும் சாலைக்கும் இடையேயுள்ள பிடிமானத்தின் எல்லையைக் காட்டும் பலகை எங்கும் இல்லை. அவ்வெல்லையைக் கடந்த பின்னரே பலர் அதனை அறிகின்றனர். விரைவு மோட்டார் சைக்கிளின் சாய்விலும் நிறுத்தத்திலும் மறைந்திருக்கும் அறிவியலை இப்பாடம் விளக்குகிறது.

மழைநாள் காட்சி

ஐப்பசியின் முதல் மழை புளியந்தோப்பு நெடுஞ்சாலையை நனைத்துவிட்டு ஓய்ந்திருக்கிறது. சரக்கு லாரிகள் மாதக்கணக்கில் சிந்திய எண்ணெய், மழைநீரோடு கலந்து வானவில் நிறத்தில் மின்னுகிறது. ஓரங்களில் மணல் திரண்டு கிடக்கிறது. நேற்று மாலை இதே வளைவை ஓர் இளைஞர் தம் மோட்டார் சைக்கிளில் அழகாகச் சாய்ந்து கடந்தார். இன்றும் அதே விரைவில் வருகிறார். வண்டியும் அதுவே, ஓட்டுபவரும் அவரே, வளைவும் அதுவே. ஆயினும் நேற்று அவரைத் தாங்கிய சாலை இன்று தாங்குமா என்பது ஐயம். அந்த ஐயத்துக்கான விடை, டயர் சாலையைத் தொடும் இடத்தில் இருக்கிறது.

வடசென்னையும் இரு சக்கரமும்

வடசென்னைக்கு மோட்டார் சைக்கிள் புதியதன்று. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் கூட்டுச் சேர்ந்ததன் விளைவாக என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. அதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. புல்லட் என்னும் பெயர் இந்தியச் சாலைகளில் பரவியது அங்கிருந்துதான்.

அதே திருவொற்றியூரில் 1946ஆம் ஆண்டு கே. எம். மாம்மன் மாப்பிள்ளை சிறு கொட்டகை ஒன்றில் பொம்மைப் பலூன்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1952இல் அத்தொழில், தேய்ந்த டயர்களுக்கு மறுபூச்சு இடுவதற்கான ரப்பர் செய்வதாக மாறியது. 1961இல் டயர் உற்பத்தி தொடங்கியது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயரின் சுருக்கமே எம்.ஆர்.எஃப். ஆகும்.

செங்குன்றத்துக்கு அப்பால் உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் பின்னாளில் பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கு நடத்திய பந்தயங்களைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயத்தடம் திறக்கப்பட்டது. ஊர்தியைச் செய்யும் கை, டயரைச் செய்யும் கை, விரைவைச் சோதிக்கும் களம் ஆகிய மூன்றும் ஒரு நகரின் சுற்றுவட்டத்தில் அமைந்தன. விரைவின்மீது இங்குள்ள இளைஞர்கள் கொண்டிருக்கும் ஈடுபாட்டுக்கு வேர் ஆழமானது.

பிடிமானம் என்பது யாது?

மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு பரப்பில்தான் சாலையைத் தொடுகிறது. வண்டியின் எடை, ஓட்டுபவரின் எடை, ஓட்டம், நிறுத்தம், திருப்பம் ஆகிய அனைத்தும் அவ்விரண்டு உள்ளங்கை அளவு நிலத்தை நம்பியே நிகழ்கின்றன.

ரப்பர் சாலையைப் பற்றும் முறை இருவகைப்படும். தார்ச்சாலையில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தன் உருவை மாற்றிக்கொண்டு அவற்றில் பொருந்திக்கொள்வது ஒன்று. மூலக்கூறு அளவில் சாலையின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்வது மற்றொன்று. ரப்பர் குளிர்ந்து இறுகியிருந்தால் இவ்விரண்டும் குறையும். பந்தய வீரர் முதற் சுற்றுகளில் டயரைச் சூடேற்றிக்கொள்வது இதனால்தான். நீரோ எண்ணெயோ மணலோ இடையில் புகுந்தால் ரப்பர் சாலையை முழுமையாகத் தொட இயலாது.

இப்பற்றின் அளவைக் குறிக்கும் எண்ணே உராய்வுக் குணகம். உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் இதனை 0.8 என்றும், நனைந்த சாலையில் 0.4 என்றும் கணக்கின் எளிமைக்காகக் கொள்வோம். எண்ணெய் படர்ந்த இடத்தில் இது மேலும் சரியும்.

சாய்வதன் கணக்கு

நேராகச் செல்லும் பொருள் நேராகவே செல்ல முயலும். அதனை வளைவில் திருப்ப, வளைவின் மையத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு அந்த மையநோக்கு விசையைத் தருவது டயரின் உராய்வே. விசை தரையில் செயல்படுகிறது. வண்டியின் பொருண்மை மையமோ அதற்கு மேலே உள்ளது. ஆகவே நிமிர்ந்து நின்றபடி திரும்ப முயன்றால் வண்டி வெளிப்புறமாகக் கவிழ்ந்துவிடும். வளைவின் உட்புறமாகச் சாய்ந்தால்தான் எடையும் மையநோக்கு விசையும் சமன்படும்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன. ஒன்று விரைவு, மற்றொன்று வளைவின் ஆரம். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் கடக்க ஏறத்தாழ 13 பாகை சாய்வு போதும். 40 கிலோமீட்டருக்கு 23 பாகை வேண்டும். 60 கிலோமீட்டருக்கோ 43 பாகை தேவைப்படும். விரைவு இரு மடங்கானால் தேவையான விசை நான்கு மடங்காகும் என்பதே இதன் அடிப்படை.

இனி, அதே வளைவு டயரிடம் கேட்கும் பிடிமானத்தைக் காண்போம். 30 கிலோமீட்டரில் 0.24 அளவு உராய்வுக் குணகம் போதும். 40 கிலோமீட்டரில் 0.42 தேவை. 60 கிலோமீட்டரில் 0.94 தேவை. உலர்ந்த சாலை தரவல்லது 0.8, எனவே 40 கிலோமீட்டர் விரைவில் சென்றவர் நேற்று எளிதாகக் கடந்தார். நனைந்த சாலை தரவல்லது 0.4 மட்டுமே. இன்று அதே 40 கிலோமீட்டர் அவரைச் சறுக்கிவிடும். 30 கிலோமீட்டராகக் குறைத்திருந்தால் மழையிலும் பாதுகாப்பாகக் கடந்திருப்பார். உயிருக்கும் இடருக்கும் இடையே இருந்தது பத்து கிலோமீட்டர் விரைவு.

வண்டியைச் சாய்ப்பதிலும் ஒரு விந்தை உண்டு. இடப்புறம் திரும்ப விரும்புபவர் கைப்பிடியின் இடப்பக்கத்தை மெல்ல முன்னோக்கித் தள்ளுகிறார். முன்சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வலப்புறம் திரும்ப, வண்டி இடப்புறம் சாய்ந்து திருப்பத்தில் இறங்குகிறது. சைக்கிள் ஓட்டக் கற்ற குழந்தையும் இதனை அறியாமலேயே செய்கிறது.

நிறுத்துவதன் கணக்கு

ஓட்டுவதைக் காட்டிலும் நிறுத்துவதே அரிய திறன். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கைப் பற்றுவதற்குள் அந்த ஒரு நொடி கழிந்துவிடும். அதன் பின்னரே வண்டி நிற்கத் தொடங்கும். உலர்ந்த சாலையில் டயரின் முழுப் பிடிமானத்தையும் பயன்படுத்தினாலும் நிற்பதற்கு மேலும் 18 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் 35 மீட்டர் வேண்டும். விரைவைப் பாதியாக, அதாவது 30 கிலோமீட்டராகக் குறைத்தால், உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் செல்லும் தொலைவு நான்கரை மீட்டருக்குள் அடங்கிவிடும்.

முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்னும் அச்சம் மக்களிடையே பரவலாக உள்ளது. உண்மை வேறு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. எடை மிகுந்த சக்கரமே சாலையை இறுகப் பற்றும். ஆதலால் நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்சக்கரத்திலேயே உள்ளது. பின் பிரேக்கை மட்டும் நம்புபவர், தமக்குரிய ஆற்றலில் சிறுபகுதியைக் கொண்டே நிற்க முயல்கிறார்.

கவிழ்வதற்குக் காரணம் முன் பிரேக் அன்று. அதனைத் திடீரென்று இறுக்குவதே காரணம். எடை முன்னே வந்து சேர்வதற்குள் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சுழல்வதை நிறுத்திச் சறுக்கத் தொடங்கும். சறுக்கும் டயரின் உராய்வு உருளும் டயரின் உராய்வைவிடக் குறைவு. சறுக்கும் முன்சக்கரம் திசைமாற்றவும் உதவாது. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல முதலில் மெல்லவும் பின்னர் வலுவாகவும் பிரேக்கை அழுத்துவதே முறையாகும்.

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கவே ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. சக்கரத்தின் சுழற்சியை உணர்கருவி இடைவிடாமல் கண்காணிக்கிறது. சக்கரம் நின்றுவிடும் நிலை வரும்போது பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குகிறது. இந்தியாவில் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எந்திரத் திறனுடைய புதிய இரு சக்கர மாதிரிகளில் 2018 ஏப்ரல் முதலும், அத்திறனுடைய அனைத்து மாதிரிகளிலும் 2019 ஏப்ரல் முதலும் இது கட்டாயமாயிற்று. எனினும் இருக்கும் பிடிமானத்தை வீணாக்காமல் காப்பதே இதன் பணி. இல்லாத பிடிமானத்தை எக்கருவியும் உண்டாக்காது.

ஒரே முதல், இரண்டு செலவு

திரும்புதலும் நிறுத்துதலும் தனித்தனித் திறன்களாகத் தோன்றும். டயருக்கோ அவை இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்கும் செலவுகள். மொத்தப் பிடிமானம் 0.8 எனக் கொள்வோம். நேராகச் செல்லும்போது அது முழுவதையும் நிறுத்துவதற்குப் பயன்படுத்தலாம். மேற்கூறிய வளைவை 40 கிலோமீட்டரில் கடக்கும்போது, திரும்புதல் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் நிறுத்துவதற்கு 0.68 எஞ்சுகிறது. 50 கிலோமீட்டரில் எஞ்சுவது 0.46. 54 கிலோமீட்டரில் எஞ்சுவது 0.23 மட்டுமே. அந்நிலையில் எதிரே ஒரு குழந்தை ஓடிவந்தால், அஞ்சிய கை பிரேக்கை முழுமையாக இறுக்கும்; டயரிடம் கொடுக்க எதுவும் இராது. வண்டி வழுக்கி விழும்.

பந்தய வீரர்களும் பயிற்றுநர்களும் வலியுறுத்தும் விதி இதிலிருந்தே பிறக்கிறது: வளைவுக்கு முன்பே விரைவைக் குறைத்து முடிக்க வேண்டும், வளைவினுள் சீரான விரைவில் செல்ல வேண்டும், வண்டி நிமிர்ந்தபின்னரே விரைவைக் கூட்ட வேண்டும். கண்கள் எங்கு நோக்குகின்றனவோ அங்கேயே வண்டி செல்லும். ஆகவே பள்ளத்தையே பார்த்துக்கொண்டிராமல் வளைவின் வெளிவாயிலை நோக்குதல் வேண்டும்.

களமும் சாலையும்

உலகப் பந்தயங்களில் வீரர்கள் 60 பாகைக்கும் மேலாகச் சாய்ந்து முழங்கை தரையில் உரசச் செல்வதைத் தொலைக்காட்சியில் காண்கிறோம். அவர்களுடைய டயர் தனிவகை ரப்பரால் ஆனது; வரிப்பள்ளங்கள் அற்றது; விரைவில் தேய்ந்துவிடுவது. மழை வந்தால் அதனைக் கழற்றிவிட்டு வரிப்பள்ளமுள்ள டயரை மாட்டுவர். சாலை டயரில் உள்ள வரிப்பள்ளங்கள் நீரை வெளியேற்றவே அமைந்தவை. அவை தேய்ந்து மழுங்கினால் டயர் நீரின்மேல் மிதக்கும்.

களத்தில் அனைவரும் ஒரே திசையில் செல்கின்றனர். வளைவுக்கு வெளியே விழுபவரைத் தாங்கும் வெற்றிடம் உண்டு. உடல் முழுவதையும் காக்கும் தோலாடை உண்டு. மருத்துவ ஊர்தி காத்து நிற்கிறது. ஒரே வளைவை நூறு முறை கடந்து அதன் இயல்பை அறிந்த வீரரும் அங்கே விழுகிறார், எழுந்து நடக்கிறார். எண்ணூர் விரைவுச்சாலையில் வளைவுக்கு வெளியே இருப்பது வெற்றிடமன்று. சரக்குப் பெட்டகம் ஏற்றிய லாரி. களம் பிழையைப் பொறுக்கும், பொதுச்சாலை பொறுக்காது.

பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றமாகும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, சிறார் ஊர்தி ஓட்டிக் குற்றமிழைத்தால் பெற்றோர் அல்லது ஊர்தி உரிமையாளருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். திறனை வளர்க்க விழைபவருக்கு இருங்காட்டுக்கோட்டை போன்ற களங்கள் உள்ளன.

எல்லையை அறிதல்

மீண்டும் புளியந்தோப்பின் வளைவுக்கு வருவோம். இம்முறை இளைஞர் தொலைவிலேயே சாலையின் நிறத்தைப் பார்க்கிறார். வானவில் மின்னும் இடம் எண்ணெய் என்பதையும், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடியும் வெள்ளைக் கோடுகளும் மழையில் வழுக்கும் என்பதையும் அறிந்திருக்கிறார். வண்டி நிமிர்ந்திருக்கும்போதே இரு பிரேக்குகளையும் மெல்ல அழுத்தி விரைவைக் குறைக்கிறார். முகத்தைத் திருப்பி வளைவின் முடிவை நோக்குகிறார். வண்டி சற்றே சாய்ந்து கடந்து செல்கிறது. அவரை வியந்து பார்ப்பவர் எவருமில்லை. மாலையில் அவர் வீடு திரும்புகிறார்.

விரைவு எந்திரம் தருவது. அதற்கு எல்லை வகுப்பது சாலை. அவ்வெல்லை நாள்தோறும், வளைவுதோறும், மழைத்துளி விழுந்தோறும் மாறுகிறது. அதனை அறிந்து அதற்குள் நின்று ஓட்டுபவரே திறனாளர். உள்ளங்கை அளவு நிலத்தில் உயிரை வைத்துச் செல்பவர், அந்நிலத்தின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும்.