முகூர்த்தப் பட்டின் கரை

விவாகத்திற்குக் கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் செல்வோர், கடைக்காரர் விரித்துப் போடும் வர்ண ஜாலத்தில் மனம் மயங்கிவிடாமல், உடலும் கரையும் சேருமிடத்தைச் சற்றே திருப்பிப் பார்ப்பது உசிதம். ஏனெனில், உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்களை ஓட்டி, உதவிக்கு ஓர் ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெசவாளர் நெய்யும் கோர்வை வேலைப்பாட்டில்தான் அவ்வூர்ப் பட்டின் கீர்த்தி பிரதானமாக நிலைபெற்றிருக்கிறது. நிறத்தைப் பற்றிய விவாதத்தைப் பெரியவர்களிடம் விட்டுவிடலாம். அது எப்படியும் அரக்கில்தான் முடியும். அசல் ஜரிகையோ, பட்டிழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசப்பெற்றது. சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டிழை தென்படுவது நல்ல லக்ஷணம். புடவையில் தொங்கும் ‘சில்க் மார்க்’ சீட்டு பட்டின் தூய்மைக்கே சாட்சி, ஜரிகைக்கு அன்று.