கிரேன் அடுத்து எங்கே போகும்?

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூரில் ஆட்டுச்சந்தை. அங்கே கைமாறிய ஆட்டின் தோல் பதனிடப்பட்டு, ஆம்பூரில் ஒரு ஷூவின் உள்தோலாகி, ஐரோப்பாவுக்கே புறப்படலாம். ஷூ அடைத்த கன்டெய்னரை டிரெய்லர் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைப்போம். யார்டு கிரேனுக்கு அப்போதுதான் தலைவலி ஆரம்பம்.

சென்னையில் கன்டெய்னருக்கென்று தனி முனையம் 1983இல் வந்தது. கப்பலை ஒட்டி நிற்கும் நெடிய கிரேன்களைத்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். பின்னால், பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டில் ரப்பர் சக்கரத்தில் உருளும் ஆர்டிஜி கிரேனை யாரும் சீண்டுவதில்லை. நான்கு கால் பந்தல் மாதிரி இருக்கும். கால்களுக்கு நடுவே பெரும்பாலும் ஆறு வரிசைப் பெட்டிகள், ஓரத்தில் லாரிக்கு ஒரு வழி. உச்சியில் தொங்கும் அறையிலிருந்து ஓட்டுநர் குனிந்து பார்த்து, பெட்டியின் நான்கு மூலைகளிலும் கொக்கியைப் பூட்டித் தூக்குவார்.

தூக்குவது எளிது, எதைத் தூக்குவது என்பதில்தான் வம்பு. பெட்டிகள் ஐந்தடுக்காக நிற்கின்றன என்று வையுங்கள். கேட்ட பெட்டி அடியில் இருந்தால் மேலே உள்ள நான்கையும் நகர்த்தவேண்டும். எது எங்கே என்ற ஒழுங்கே இல்லாத அடுக்கில், ஒரு பெட்டியை எடுக்கச் சராசரியாக இரண்டு வீண் தூக்கல். பீரோவின் அடியில் பட்டுப்புடவை தேடியவர்களுக்கு இது புரியும். அதனால்தான் ஒரே கப்பலுக்கு, ஒரே ஊருக்கு, ஏறத்தாழ ஒரே எடையில் போகும் பெட்டிகளைச் சேர்த்து அடுக்கப் பார்க்கிறார்கள்.

அடுத்தது, யாருக்கு முதலில்? மூன்று லாரிகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றுக்கு 12 நிமிட வேலை, மற்றதற்கு 3, இன்னொன்றுக்கு 4. இதே வரிசையில் முடித்தால் அவை யார்டில் நின்ற நேரம் 12, 15, 19. மொத்தம் 46 நிமிடம். சிறிய வேலையை முதலில் முடித்தால் 3, 7, 19, மொத்தம் 29. கிரேன் உழைத்தது இரண்டிலும் அதே 19 நிமிடம்தான்! ஆனால் அந்த 12 நிமிடக்காரர் சும்மா இருப்பாரா? அவருடைய பெட்டிக்காகக் கப்பல் கிரேன் காத்திருந்தால் கணக்கே தலைகீழ். பத்து லாரிகள் நின்றால் 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து முடிவெடுக்க நேரமில்லை.

யார்டைப் பல பிளாக்குகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிளாக்கில் வேலை குவிந்து, பக்கத்துப் பிளாக்கில் கிரேன் சும்மா நின்றால், அதை இங்கே அழைக்கலாம். ஆனால் அந்தப் பூதம் பக்கத்து வரிசைக்கு மாற, சக்கரங்களை 90 பாகை திருப்பிப் பாதையைக் கடக்கவேண்டும். அதுவரை லாரிகள் நிற்கும்.

எனவே கிரேனை அதிகம் அலையவிடாததே கெட்டிக்காரத்தனம் என்பேன். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்டா மூர்த்தியும் கூட்டாளிகளும் ஹாங்காங் முனையம் ஒன்றைப் பற்றி 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில்தான் போகிறது. எல்லாப் பிளாக்குகளும் ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பியிருக்கும்படி புதுப் பெட்டிகளைப் பங்கிட்டால், வேலையும் தானாகப் பரவும். பெட்டியோடு வரும் லாரியை, அந்த நேரத்தில் எந்தப் பிளாக்கில் லாரி குறைவாக நிற்கிறதோ அங்கே அனுப்புவார்கள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் குட்டை வரிசையாகப் பார்த்து வண்டியை நுழைக்கும் நம்மூர் ஓட்டுநர் போடுகிற கணக்குதான்.